குதிரையைப் பிறர் லாயத்தில் விடுவதற்கு முன் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: முதன்முறையாகச் சொந்தக் குதிரை வாங்கியிருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் குதிரை. எடை ஏறத்தாழ 500 கிலோ. கொஞ்சம் தின்றாலும் உடம்பு வைத்துவிடும் வாகு என்று விற்றவர் சொன்னார். வாரத்தில் ஐந்து நாள் காலை முதல் மாலை வரை எனக்கு அலுவலக வேலை. வீட்டில் இடமில்லாததால் கட்டணம் செலுத்தி லாயம் ஒன்றில் விட வேண்டும். வீட்டிலிருந்து 20 நிமிடப் பயணத் தொலைவில் ஐந்து இடங்களை விசாரித்தேன். முதலாவதில் மேய்ச்சல் நிலம் மட்டும் தருகிறார்கள். இரண்டாவதில் கொட்டடியும் நிலமும் உண்டு, வேலை முழுவதும் என்னுடையது. மூன்றாவதில் வார நாள்களில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சனி, ஞாயிறு நான் பார்க்க வேண்டும். நான்காவது முழுப் பராமரிப்பு; அதன் கட்டணம் முதலாவதைப் போல ஐந்து மடங்கு. ஐந்தாவது ஒரு சவாரிப் பயிற்சிப் பள்ளி. வகுப்புகளுக்குக் குதிரையைப் பயன்படுத்த அனுமதித்தால் பாதிக் கட்டணம் போதும் என்கிறார்கள். எது சிக்கனம்? எதில் குதிரைக்குக் குறை வராது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் சூழ்நிலைக்கு மூன்றாவது ஏற்பாடே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அந்த லாயத்தாரிடம் நீங்கள் இன்னும் கேட்காத சில கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற்ற பிறகே அதை முடிவு செய்ய வேண்டும். விடை திருப்தியாக இல்லையென்றால், முதல் ஆறு மாதங்களுக்காவது நான்காவது இடத்துக்குப் போவதே நல்லது. இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் ஐந்து லாயங்களின் மாதக் கட்டணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது ஒப்பீடு ஆகாது. அந்த ஐந்து தொகைகளும் ஐந்து வெவ்வேறு பொருள்களின் விலைகள்.

குதிரைகளுக்கு மருத்துவம் பார்க்கும் தொழிலில் நான் கண்டறிந்தது இதுதான்: லாயக் கட்டணம் என்பது உண்மையில் நேரத்துக்கான விலை. குதிரையின் ஒரு நாளில் இருக்கும் 24 மணி நேரத்தில் எந்தெந்த மணிக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் முதன்முதலில் அதைப் பார்ப்பவர் யார், தண்ணீர் வைப்பவர் யார், வெளியே அவிழ்த்து விடுபவர் யார், இரவில் கடைசியாக எட்டிப் பார்ப்பவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயர் எழுத முடியாமல் காலியாக நிற்கும் மணிகளில்தான் குதிரைக்கும் ஆபத்து வருகிறது, உங்களுக்கும் பெருஞ்செலவு வருகிறது. குறைந்த கட்டணம் கேட்கும் ஏற்பாடு பெரும்பாலும் அந்தக் காலியிடங்களை உங்கள் தலையில் வைக்கும் ஏற்பாடாகவே இருக்கிறது.

முதலில் இரண்டாவது ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். இடம் மட்டும் அவர்களுடையது, உழைப்பு முழுவதும் உங்களுடையது. கொட்டடியில் கட்டும் குதிரையை நாளுக்கு இருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும். ஆண்டுக்கு அது 730 முறை. இலத்தி அள்ளி, படுக்கையைப் புரட்டி, தண்ணீரும் தீவனமும் வைத்து, குளம்பைச் சுத்தம் செய்து திரும்பக் குறைந்தது 50 நிமிடம் ஆகும். போக்குவரத்துக்கு 40 நிமிடம். ஆக ஒருமுறைக்கு ஒன்றரை மணி நேரம், ஆண்டுக்கு 1,095 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் அது 136 நாள்களுக்கும் மேல். இந்த நேரத்துக்கு நீங்கள் மனத்துக்குள் எவ்வளவு குறைந்த மதிப்புப் போட்டாலும் சரி, எரிபொருள் செலவையும் சேர்த்துக் கூட்டிய பிறகு கட்டண வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளிலும், அலுவலகத்தில் நேரமாகிவிடும் நாளிலும், வெளியூர் போகும் வாரத்திலும் அந்த வேலையைச் செய்யப்போவது யார் என்ற கேள்விக்கும் விடை வேண்டும். இத்தகைய லாயங்களில் உரிமையாளர்கள் தங்களுக்குள் முறை வைத்து ஒருவர் குதிரையை ஒருவர் பார்த்துக்கொள்வது உண்டு. நல்ல மனிதர்கள் வாய்த்தால் அது மிக அழகாக நடக்கும். ஆனால் பல ஆண்டுப் பழக்கத்தில் உருவாகும் அந்த உறவை, புதிதாகச் சேர்கிறவர் முதல் மாதத்திலேயே எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இந்த வகை லாயத்தில் நான் பார்த்த ஒரு நிகழ்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்குத் தீவனம் வைத்துவிட்டு உரிமையாளர் வீடு திரும்பியிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தபோது கொட்டடியின் படுக்கை முழுவதும் கலைந்திருந்தது, குதிரையின் உடல் வியர்த்து உலர்ந்து உப்புப் படிந்திருந்தது, வைத்த தீவனத்தில் பாதி அப்படியே கிடந்தது. இரவு முழுவதும் அது வயிற்று வலியில் புரண்டிருக்கிறது. குதிரையின் வயிற்று வலியில் மணிக்கணக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் காப்பாற்றும் வாய்ப்பு கைநழுவிப் போகும். அன்று அப்படித்தான் ஆயிற்று. அந்த உரிமையாளரிடம் எந்த அலட்சியமும் இல்லை. இரவு ஒன்பதரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க யாரும் இல்லாத இடத்தில் குதிரை இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எந்த லாயமானாலும் என் முதல் கேள்வி, அந்த வளாகத்திலேயே இரவு தங்குபவர் இருக்கிறாரா, உறங்கப் போகும் முன் எல்லாக் குதிரைகளையும் ஒரு சுற்றுப் பார்க்கிறாரா என்பதுதான். மூன்றாவது லாயத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள். 'வார நாள்களில் நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்ற வாக்கியம் காலை வேலையை மட்டும் குறிக்கிறதா, மாலை உள்ளே கட்டித் தீனி வைப்பதையும் குறிக்கிறதா என்பது லாயத்துக்கு லாயம் மாறும். காலை மட்டும் என்றால் நீங்கள் ஒவ்வொரு மாலையும் போக வேண்டியிருக்கும். இரண்டு வேளையும் அவர்களே என்றால் உங்கள் பங்கு சனி, ஞாயிறு மட்டுமே. ஆண்டுக்கு 208 முறை, ஏறத்தாழ 312 மணி நேரம். உங்களுக்கு விருப்பமான நேரமும் அதுவே என்பதால் அதைச் செலவாக நான் எண்ண மாட்டேன். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பகுதிப் பராமரிப்புகளுக்கு இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

அடுத்து உலர்புல். கட்டணத்தில் உலர்புல் அடங்கும் என்று சொல்வார்கள். எவ்வளவு என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு குதிரைக்கு நாள்தோறும் அதன் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை நார்த்தீவனம் வேண்டும். 500 கிலோ குதிரைக்கு அது 7.5 முதல் 10 கிலோ. நாளுக்கு 10 கிலோ என்றால் ஆண்டுக்கு 3,650 கிலோ. மாதக் கட்டணத்தில் நாளுக்கு ஐந்து கிலோதான் அடக்கம், அதற்கு மேல் தனிக்கட்டணம் என்று ஒரு லாயத்தார் சொல்வாரானால், அங்கே மலிவாகத் தெரிவது மலிவல்ல. எடை போட்டுத்தான் தருகிறார்களா என்றும் கேளுங்கள். கை மதிப்பில் அள்ளிப் போடும் இடத்தில் எளிதில் உடம்பு வைக்கும் உங்கள் குதிரைக்கு அதிகமாகவும், மெலிந்த பக்கத்துக் குதிரைக்குக் குறைவாகவும் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். குதிரையின் இரைப்பை அதன் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். திறந்த வெளியில் நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் விலங்கு அது. மணிக்கணக்கில் வாய்க்கு ஒன்றுமில்லாமல் நின்றால் இரைப்பையில் புண் வரும், கொட்டடிக் கதவைக் கடிக்கும் வழக்கமும் தொடங்கும். மாலை ஐந்து மணிக்குப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய், மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வருவார்களென்றால் இடையில் 14 மணி நேரம். அந்த நேரம் முழுவதற்கும் வருமாறு, சிறு கண்ணி வலைகளில் புல் கட்டி வைக்கிறார்களா, அல்லது எட்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறதா? விலைப்பட்டியல் எதிலும் இது இருக்காது, ஆனால் புண்ணுக்கான மருந்துச் செலவு நிச்சயம் உங்கள் பெயரில்தான் வரும்.

இனி மேய்ச்சல் நிலம். கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் உங்கள் மனம் அங்கே சாய்வது இயல்பு. குதிரை இயற்கையாக வாழ்வதற்கு அதுவே நெருக்கமான ஏற்பாடு என்பதையும் நான் மறுக்கவில்லை. நாள் முழுவதும் நடமாடும் குதிரைக்குக் கால் வீக்கமும் சளியும் குறைவு, மனநிலையும் நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் குதிரை எளிதில் உடம்பு வைக்கும் வாகு. செழித்து வளரும் புல்லில் சர்க்கரைச் சத்து மிகும் காலத்தில், இத்தகைய குதிரைகளுக்குக் குளம்பின் உட்படலம் அழற்சியுறும் லேமினைட்டிஸ் என்னும் நோய் வருகிறது. ஒருமுறை வந்தால் மீண்டும் வர எளிது, மாதக்கணக்கில் சிறப்பு லாடமும் மருந்தும் வேண்டும், முற்றினால் குதிரையை இழக்கவும் நேரும். மேய்ச்சலைக் கட்டுப்படுத்த நிலத்தைப் பகுத்து வேலி போட அனுமதி உண்டா? வாய்க்கூடு மாட்டி விடுவதென்றால் அதை நாள்தோறும் மாட்டிக் கழற்றுபவர் யார்? நடுப்பகலிலும் மழையிலும் ஒதுங்க நிழற்கூரை இருக்கிறதா, வேலி முள்கம்பியா, நச்சுச்செடிகளைப் பிடுங்குவது யார் பொறுப்பு? ஆண்டு முழுவதும் மேய வேண்டுமானால் ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வரை வேண்டும் என்பது பொதுவான அளவு. அதைவிட நெருக்கமாக விட்டால் நிலம் மொட்டையாகி, உலர்புல்லை நீங்களே வாங்கிப் போட வேண்டிய காலம் வந்துவிடும். நாள்தோறும் ஒருமுறை போய்ப் பார்க்கவும் வேண்டும். வாரத்துக்கு இருமுறையாவது இலத்தியை அள்ளி அப்புறப்படுத்தவும் வேண்டும்.

இலத்தியை அள்ளாத நிலத்தில் குடற்புழு பெருகும் என்பதால், புழுநீக்கம் எப்போதும் ஒருவர் தனியாகச் செய்துகொள்ளும் காரியமாக இருக்க முடியாது. ஒரே நிலத்தில் மேயும் பத்துக் குதிரைகளில் நீங்கள் ஒருவர் மட்டும் முறையாக இலத்திப் பரிசோதனை செய்து, புழு முட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருந்து கொடுத்தாலும், மற்றவர்கள் செய்யாவிட்டால் பயனில்லை. லாயத்துக்கென்று ஒரு பொதுத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். தடுப்பூசியும் அப்படியே, டெட்டனஸ் என்னும் ஏற்பு இசிவுக்கும் குதிரைச் சளிக்காய்ச்சலுக்கும் ஊசி போட்ட சான்றில்லாமல் எந்தக் குதிரையையும் உள்ளே விடாத லாயம் உங்களைச் சற்று அலைக்கழிப்பதுபோலத் தோன்றலாம், ஆனால் உங்கள் குதிரையைக் காப்பது அந்தக் கண்டிப்பே. புதிதாக வரும் குதிரையை இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்து உடல்வெப்பம் பார்க்கும் இடமாக இருந்தால் இன்னும் மதிப்பேன். தொண்டைக் கழலைகளில் சீழ் வைக்கும் ஸ்ட்ராங்கில்ஸ் நோய் புகுந்த லாயம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்க நேரும். அந்தக் காலத்திலும் கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஐந்தாவது இடமான பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சற்றுக் கவலையோடுதான் எழுதுகிறேன். நன்றாக நடத்தப்படும் பள்ளியில் குதிரைக்கு ஒழுங்கான வேலை கிடைக்கும், வேலையில்லாமல் உடம்பு வைப்பதும் குறையும். உங்கள் குதிரைக்கு அது ஒரு நன்மையே. ஆயினும் நீங்கள் ஏறக்கூடிய சனி, ஞாயிறுகள்தாம் பள்ளிக்கும் கூட்டம் மிகுந்த நாள்கள். ஒரு நாளில் எத்தனை வகுப்பு, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு என்பவற்றுக்கு எழுத்தில் வரம்பு வேண்டும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. உங்கள் குதிரைக்கு அது 100 கிலோ. யாருடைய சேணம் பயன்படும், அது அதன் முதுகுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். குதிரை நொண்டி, ஒரு மாதம் வேலை செய்ய முடியாமல் போனால் தள்ளுபடி தொடருமா, அல்லது முழுக் கட்டணம் கேட்பார்களா, மருத்துவச் செலவு யாருடையது என்பவையும் முன்கூட்டியே பேசப்பட வேண்டும். தனிப்பட்ட உபயோகத்துக்காக எடுத்த காப்பீடு, பிறருக்குக் கட்டணத்துக்குச் சவாரி கற்பிக்கும்போது நேரும் விபத்தைப் பெரும்பாலும் ஏற்காது என்பதால், உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்கு இது முதல் குதிரை. அதன் இயல்பான நடை எது, தளர்ந்த நடை எது என்று நீங்களே இன்னும் அறியவில்லை. அறிவதற்குள் பலர் கையில் கொடுப்பது வேண்டாம் என்பதே என் எண்ணம்.

முழுப் பராமரிப்பு என்ற சொல்லும் உங்களை ஏமாற்றலாம். தீவனம், படுக்கை, கொட்டடிச் சுத்தம், வெளியே விட்டு உள்ளே கட்டுவது, லாடம் அடிப்பவரும் மருத்துவரும் வரும்போது பிடித்து நிற்பது ஆகியவை பொதுவாக அதில் அடங்கும். லாடம், மருத்துவம், தடுப்பூசி, புழுமருந்து, பல் ராவுதல், காப்பீடு இவை பொதுவாக அடங்குவதில்லை. உடற்பயிற்சியும் உடம்பு தேய்த்து விடுவதும் சில இடங்களில் சேர்த்தி, சில இடங்களில் தனிக்கட்டணம். போர்வை மாற்றுவதற்கும், மாத்திரை கொடுப்பதற்கும், வண்டி நிறுத்துவதற்கும், சவாரிக்களத்தின் விளக்குக்கும்கூடத் தனித்தனியாக வாங்கும் லாயங்கள் உண்டு. ஆகவே மாதக்கணக்கை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கு எழுதுங்கள். லாடம் அல்லது குளம்பு செதுக்கல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு ஏழு முதல் ஒன்பது முறை. பல் பரிசோதனை குறைந்தது ஒருமுறை. தடுப்பூசி, இலத்திப் பரிசோதனை, காப்பீடு. இவை ஐந்து இடங்களுக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. எனவே இவற்றையும் கூட்டிய பிறகு, ஐந்து மடங்கு என்று உங்களை மலைக்க வைத்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்குவதைக் காண்பீர்கள். மலிவான இடங்களின் வரிசையில் உலர்புல், படுக்கை, பயணம், உங்கள் நேரம், நீங்கள் வர முடியாத நாளில் கூலிக்கு அமர்த்தும் ஆள் ஆகியவற்றையும் எழுதினால் இன்னும் சுருங்கும்.

லாயத்தை நேரில் பார்க்கப் போகும்போது, சொல்லிவிட்டு ஒருமுறையும், முடிந்தால் அவர்கள் அனுமதிக்கும் நேரத்துக்குள் சொல்லாமல் ஒருமுறையும் போங்கள். கொட்டடியில் மண்டியிட்டு, குதிரையின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். சிறுநீர் நெடி கண்ணைக் கரித்தால் படுக்கையைச் சிக்கனம் செய்கிறார்கள் என்று பொருள். தண்ணீர்த் தொட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள். நாளுக்கு 25 முதல் 50 லிட்டர் குடிக்கும் விலங்கு, பாசி பிடித்த தண்ணீரைக் குடிக்கத் தயங்கினாலே குடலில் தீவனம் கட்டிக்கொள்ளும். எத்தனை குதிரைகளுக்கு எத்தனை பணியாளர்கள் என்று எண்ணுங்கள். ஒரு கொட்டடியை ஒழுங்காகக் கூட்டி அள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். 12 குதிரைகளுக்கு ஒரே ஆள் என்றால் அந்த ஒரு வேலைக்கே நான்கு முதல் ஆறு மணி நேரம் போய்விடும், பிறகு ஒவ்வொரு குதிரையின் காலையும் குனிந்து பார்க்க அவருக்கு எங்கே நேரம்? அந்தப் பணியாளரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒவ்வொரு குதிரையையும் அதன் குணத்தோடு சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தால், அந்த இடத்தின் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் அங்கே நிற்பேன்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். விலகுவதற்கு எவ்வளவு முன்னறிவிப்பு, கட்டணத்தை உயர்த்த எவ்வளவு முன்னறிவிப்பு, குதிரை மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்குக் கழிவு உண்டா, நிலுவை வைத்தால் குதிரையைத் தடுத்துவைக்கும் விதி இருக்கிறதா, அவர்கள் பொறுப்பில் இருக்கும் குதிரைக்கு நேரும் தீங்குக்கு அவர்களிடம் காப்பீடு உண்டா என்று பாருங்கள். இவற்றைவிட நான் வலியுறுத்துவது அவசரகால ஒப்புதல் கடிதம். உங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாத நேரத்தில் மருத்துவரை அழைக்கும் உரிமை லாயத்தாருக்கு உண்டு என்றும், எவ்வளவு தொகை வரை கேட்காமல் செலவிடலாம் என்றும், வயிற்று வலிக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்றும், காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொன்னால் வலியிலிருந்து விடுவிக்க யார் சம்மதிக்கலாம் என்றும் அதில் எழுதிக் கையெழுத்திடுங்கள். உரிமையாளர் விமானத்தில் இருந்ததால் நாங்கள் வலிநீக்கி மட்டும் கொடுத்துவிட்டு நான்கு மணி நேரம் காத்து நின்ற இரவு ஒன்று எனக்குண்டு. அப்படியொரு இரவு உங்கள் குதிரைக்கு வரக் கூடாது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், இப்போது அது தின்னும் உலர்புல்லில் இரண்டு வாரத்துக்குக் காணும் அளவு விற்றவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போய், புதிய புல்லை 10 முதல் 14 நாள்களில் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள். திடீர் தீவன மாற்றமும், வெளியே நடமாடிய குதிரையைத் திடீரென்று கொட்டடியில் அடைப்பதும் வயிற்று வலிக்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணங்கள்.

மூன்றாவது லாயத்தாரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு: மாலை வேலையும் அவர்களுடையதா, இரவில் கடைசிச் சுற்று உண்டா, உலர்புல் எவ்வளவு கிலோ, நீங்கள் வர முடியாத சனி, ஞாயிறுகளில் தனிக்கட்டணத்துக்கு அவர்களே பார்த்துக்கொள்வார்களா. நான்குக்கும் தெளிவான விடை எழுத்தில் கிடைத்தால் அங்கே விடுங்கள். விடை தர மழுப்பினால் நான்காவது இடத்தில் ஆறு மாதம் விட்டு, வாரந்தோறும் அந்தப் பணியாளர்களோடு நின்று வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் குதிரை எப்படித் தின்னும், எப்படி நிற்கும், எப்போது சோர்ந்திருக்கும் என்பதெல்லாம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதன் பிறகு செலவைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு மாறுவதில் எனக்குத் தயக்கமில்லை.